கடலுக்கடியில் தட்டும் ஓசை

ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடற்படை ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆக்னஸும் அதையே கேட்டாள். மூத்த விஞ்ஞானியான நிஜாமுதீன் பதில் சொல்லாமல் அவளைப் பின்கட்டிடத்துக்கு அழைத்துப்போய், மூன்று மாடி ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டியைக் காட்டினார்.

"கடல் இங்கதான் இருக்கு. உப்பு மட்டும் போடல" என்றார்.

அந்த நிஜாமுதீன் இறந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆய்வுக்கூடத்துக்கு இப்போது ஐம்பதாவது ஆண்டு. அங்கே நடந்த கண்டுபிடிப்புகளின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவதென்று இயக்குநர் ரவிச்சந்திரன் முடிவு செய்தார். பழைய திட்டங்களில் எவற்றை வெளியே சொல்லலாம் என்று மேலிடத்து அனுமதியும் வந்தது. அவற்றில் 'காது' இருந்தது. கோப்புகளில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதில் வேலை செய்தவர்கள் காது என்றுதான் சொன்னார்கள். அவர்களில் இன்னும் பணியில் இருப்பவள் ஆக்னஸ் ஒருத்திதான் என்பதால், அந்த அத்தியாயத்தை எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது.

எழுத உட்கார்ந்தபோது முதல் பக்கங்கள் தடையில்லாமல் வந்தன. நீர்மூழ்கிக் கப்பல் பழுதாகி அடியில் போய் உட்கார்ந்துவிட்டால், உள்ளே உயிரோடு இருப்பவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் கப்பலின் இரும்புச் சுவரைத் தட்டுவார்கள். அந்தத் தட்டலை மேலேயிருந்து கேட்டு, இடம் கண்டுபிடிப்பதுதான் காதின் வேலை. வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவிகள் நம் கடலில் உதவவில்லை. அவை குளிர்ந்த கடல்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் கரையோரக் கடல் வெதுவெதுப்பானது. அதன் அடியில் ஒரு வகைச் சின்ன இறால் கணக்கில்லாமல் வாழ்கிறது. அது ஓயாமல் தன் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால் அந்தச் சடசடப்பு மட்டுமே கேட்கும். மனிதன் தட்டுவது அதில் அமுங்கிப்போகும்.

இறால் சத்தத்தை வடிகட்ட நிஜாமுதீனும் ஆக்னஸும் பல வருஷங்கள் போராடினார்கள். மூன்று முறை கடலுக்குப் போய் மூன்று முறையும் தோற்றுத் திரும்பினார்கள். நான்காவது முறை காது கேட்டது. அன்றுதான் நிஜாமுதீன் இறந்தார்.

அதுவரை எழுதிய பிறகு ஆக்னஸ் நிறுத்திவிட்டாள். அத்தியாயத்தில் போட அவருடைய படம் ஒன்று வேண்டியிருந்தது. அலுவலகத்தில் இருந்தது அடையாள அட்டைக்காக எடுத்த, முகம் விறைத்த படம் மட்டும். அவர் மனைவி குல்ஷனிடம் நல்ல படம் இருக்கும் என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை காலை கோவில்பதாகையிலிருந்து ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லிக்குப் போனாள்.

போகிற வழியெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. குல்ஷனைக் கடைசியாகப் பார்த்தது அடக்கம் நடந்த அன்று. அடுத்த மாதமே ஆக்னஸை விசாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு முறை போன் செய்தாள், குல்ஷன் எடுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மறுபடி ஆவடிக்கே மாற்றலாகி வந்த பிறகும் போகாமல் விட்டது அப்படியே பல வருஷங்களாகிவிட்டது.

டிரங்க் ரோட்டுக்குப் பின்னால், தன் அண்ணனின் துணிக்கடைக்கு மேல் மாடியில் குல்ஷன் குடியிருந்தாள். பகலில் கடையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். கணவருக்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தில் கொடுக்க முன்வந்த வேலையை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பது ஆக்னஸுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

குல்ஷன் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். மகன் ஜமீர் திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்துவிடுவான் என்றாள். ஆக்னஸ் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிப் படம் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"வேணாம் மேடம்" என்றாள்.

ஆக்னஸ் புரியாமல் பார்த்தாள். அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறோம், அவருக்குப் பெருமைதானே என்றாள்.

"புஸ்தகத்துல பேரு வந்தா நாலு பேரு படிப்பாங்க. படிச்சிட்டு, எப்டி செத்தாருன்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு இப்பதான் அடங்கிக் கெடக்குது."

"என்ன பேச்சு பாபி?" அண்ணி என்ற முறையில் ஆக்னஸ் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

குல்ஷன் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவரு தானாவே கடல்ல குதிச்சிட்டாருன்னு."

ஆக்னஸ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் ஏதும் சொல்வதற்குள் குல்ஷன் மெதுவாக, வெகுநாள் மனதுக்குள் சொல்லிப் பழகியதைப் போல, எல்லாவற்றையும் சொன்னாள்.

கடைசி ஆறேழு மாதம் அவர் அவராக இல்லை. சோறு தட்டில் ஆறிப்போகும். கூப்பிட்டால் காதில் விழாது. என்ன கஷ்டம் என்று கேட்டால், ஆபீஸ் விஷயம், சொல்லக் கூடாது என்பார். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறார். குல்ஷன் அடுப்பில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். போய்த் திறந்ததும், இவ்வளவு சத்தத்தில் நான் தட்டியது உனக்கு எப்படிக் கேட்டது என்று கேட்டார். கேட்டது, அவ்வளவுதான் என்றாள். அவர் விடவில்லை. பெரிய வாணலியில் எண்ணெய் விட்டுக் கைப்பிடி கைப்பிடியாகக் கடுகு போடச் சொன்னார். மறுபடி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தட்டினார். விரலால் தட்டினார், கரண்டியால் தட்டினார், மெதுவாக, வேகமாக, விட்டு விட்டு. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சா, கேட்டுச்சா என்றார். டப்பாவில் இருந்த கடுகு முழுக்கத் தீர்ந்தது. மாடிப்படியில் அக்கம்பக்கத்தார் நின்று சிரித்தார்கள். அவருடைய அண்ணன் வந்து பார்த்துவிட்டு, தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, தர்காவுக்கு அழைத்துப் போங்கள் என்றார்.

"அன்னிக்கிலேர்ந்து எனக்கும் அந்தப் பயம்தான் மேடம். கப்பலுக்குக் கெளம்புறப்போ வாசல்ல நின்னுகினு சொன்னாரு, இந்தத் தபாவும் ஆகலேன்னா நான் திரும்பி வரமாட்டேன்னு. அத நான் இதுநாள் வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. நாலாம் நாளு பொட்டில வச்சு கொண்டாந்தாங்க. தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க. குளிப்பாட்டக்கூட உடல. கடல்ல நடந்த விபத்து, வேற எதுவும் கேக்காதீங்கன்னு கூட வந்த பெரிய ஆபீசர் சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்புறம் நான் இன்னா நெனப்பேன்?"

மாமியார் மூன்று வருஷம் கழித்து இறந்துபோனதையும் சொன்னாள். கடைசி வரை, செய்யக்கூடாததைச் செய்துவிட்ட மகனை மன்னிக்கும்படி ஐந்து வேளையும் அல்லாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஆக்னஸ் எழுந்து குல்ஷனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அடக்கம் நடந்த அன்று அந்தப் பெரிய அதிகாரி குல்ஷனிடம் தனியாகப் பேசியதை அவள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். நடந்ததைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். இந்த வீட்டில் இப்படி ஒரு எண்ணம் இருக்கும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றியதில்லை.

"பாபி, நான் அந்தக் கப்பல்ல இருந்தேன். அவர் பக்கத்துல இருந்தேன். அவர் குதிக்கல. அவர் தண்ணியிலயே விழல."

ஆக்னஸ் சொல்லத் தொடங்கினாள். கடுகு தாளித்த மறுநாள் காலையில் நிஜாமுதீன் தொட்டியருகே அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். 'ஆக்னஸ், நாம இத்தனை வருஷம் இறால் சத்தத்தை அடக்கப் பாத்தோம். அது முடியாது. விட்டுடு. கடுகு தோணினபடி வெடிக்கும், அதுக்கு ஒழுங்கு கிடையாது. மனுஷன் தட்டினா அதுல ஒரு தாளம் இருக்கும். மெதுவா தட்டினாக்கூட தாளம் இருந்தா எங்க வீட்டம்மாவுக்குக் கேக்குது. தாளம் இல்லாம தட்டினா பலமா தட்டினாலும் கேக்கல. நாம தாளத்தைத் தேடணும்' என்றார். அதற்குப் பிறகுதான் கருவியை அடியோடு மாற்றினார்கள். சத்தத்தின் அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் பொறுக்கி எடுக்கும்படி செய்தார்கள். அவர் சாப்பிடாமல் இருந்தது அந்த யோசனையில். கூப்பிட்டால் காதில் விழாததும் அதில்தான். திரும்பி வரமாட்டேன் என்று எல்லோரிடமும்தான் சொன்னார்; இதுவும் ஆகாவிட்டால் அந்தத் தொட்டிப் பக்கமே வரமாட்டேன், கொச்சிக்கு மாற்றல் கேட்டுவிடுவேன் என்பது அவர் பேச்சு.

சோதனை நாளன்று கடல் அடியில் ஒரு நீர்மூழ்கி போய் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு மாலுமி ஸ்பானரால் சுவரைத் தட்டினான். மேலே கப்பலில் நிஜாமுதீன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய விரல் தானாக மேசையில் தாளம் போடத் தொடங்கியது. ஹெட்போனைக் கழற்றி ஆக்னஸிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்படி ஒரு சிரிப்பை நான் அவர்கிட்ட பாத்ததே இல்ல பாபி. வீட்ல கடுகு டப்பாவைக் காலி பண்ணிட்டேன், போறப்ப மறக்காம வாங்கிட்டுப் போகணும்னார். கருவியை மேல தூக்கும்போது காத்து ஜாஸ்தியாச்சு. வேற யாரும் தொட வேணாம், நானே வாங்கறேன்னு ஓரத்துக்குப் போனார். தூக்கற இரும்புக் கயிறு இழுவை தாங்காம அறுந்து வீசியடிச்சது. தலையில பட்டுச்சு. அங்கயே போயிட்டார். ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்படல. முகத்துல அடி. அதனாலதான் பெட்டியைத் திறக்க விடல."

குல்ஷன் அழவில்லை. "சிரிச்சாரா?" என்று கேட்டாள்.

"சிரிச்சார்."

"கடுகு வாங்கிகினு போவணும்னாரா?"

ஆமாம் என்று ஆக்னஸ் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் குல்ஷன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். அவளுடைய முதுகு குலுங்கியது. ஆக்னஸ் அவள் தோளைத் தொட்டபடி இருந்தாள்.

அந்த நேரத்தில் ஜமீர் வந்துவிட்டான். இருபத்தெட்டு வயது. தகப்பனின் நெற்றியும் மூக்கும் அப்படியே இருந்தன. அம்மா அழுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றான். குல்ஷனே திக்கித் திணறி அவனுக்குச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் ஆக்னஸ் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க கூட இருந்தீங்க. இத்தினி வருசம் இன்னாத்துக்கு வந்து சொல்லல?"

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்ததையும், ஆபீஸில் சொல்லியிருப்பார்கள் என்று நம்பியதையும் ஆக்னஸ் சொன்னாள்.

"மேடம், அந்த மெஷினு ரகசியம், சரி. கயிறு அறுந்து செத்துட்டாருன்னு ஊட்ல சொன்னா நாட்டுக்கு இன்னா ஆயிடும்?"

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாவது படிக்கும்போது கணக்கில் முதல் மார்க் வாங்கிப் அத்தாவின் அண்ணனான பெரியத்தாவிடம் காட்டப் போனதைச் சொன்னான். உங்க அத்தாவும் இப்படித்தான் கணக்குல புலி, கடைசியில கோழை மாதிரி போய்ச் சேர்ந்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதோடு அவன் படிப்பில் மனம் வைக்கவில்லை. அம்மாவிடம் காரணம் சொல்லவும் இல்லை. ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அதே எண்ணத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஆக்னஸ் கிளம்பும்போது குல்ஷன் ஒன்று கேட்டாள். காகிதம் எதுவும் வேண்டாம். ஆபீஸிலிருந்து பொறுப்பான ஒருவர் வந்து, அவருடைய அண்ணன் முன்னால் வாயால் இதைச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஆக்னஸ் ரவிச்சந்திரனிடம் போனாள். அவர் அந்தக் காலத்தில் இங்கே இல்லை; பெங்களூரில் இருந்து வந்தவர். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வருத்தமான விஷயம்தான், ஆனால் இந்தப் புத்தகத்தில் விபத்தைப் பற்றி எழுத வேண்டாமே, சோதனை வெற்றி என்று முடித்துவிடலாமே என்றார். அப்படியானால் அந்த அத்தியாயமே வேண்டாம், நான் எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள் ஆக்னஸ். முப்பது வருஷப் பணியில் மேலதிகாரியிடம் அவள் இப்படிப் பேசியது இல்லை. அவர் பழைய விபத்துக் கோப்பைப் படித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, விபத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கட்டும் என்றார். பூந்தமல்லிக்கு எப்போது போகலாம் என்றும் அவரே கேட்டார்.

நிஜாமுதீனின் அண்ணனுக்கு இப்போது எண்பதை நெருங்குகிற வயது. குல்ஷன் வீட்டுக் கூடத்தில் அவர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். ரவிச்சந்திரன் நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். கயிற்றைச் சரியாகப் பரிசோதிக்காதது எங்கள் தவறு, குடும்பத்திடம் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு என்றார். கேட்டு முடித்ததும் பெரியவர் ஒரு தடவை ஜமீரைப் பார்த்தார்.

"அன்னிக்கு எங்களுக்கு அப்டித்தான் தோணுச்சு" என்றார்.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தவர்போல் சற்று நேரம் இருந்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, ஜமீர் பிடிக்க நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

புத்தக வெளியீட்டன்று குடும்பங்களை ஆய்வுக்கூடத்துக்குள் விட்டார்கள். குல்ஷன் முதல் முறையாக அந்த வாசலைத் தாண்டி வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் காதை வைத்திருந்தார்கள். ஒரு சின்னக் குக்கர் அளவு இருந்தது. குல்ஷன் குனிந்து, பக்கவாட்டில் போய், மறுபடி முன்னால் வந்து பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்று ஆக்னஸிடம் கேட்டாள். "நான் பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

ஜமீர், இதை வைத்து யாரையாவது காப்பாற்றியிருக்கிறார்களா என்று விசாரித்தான். இதுவரை அப்படி ஒரு தேவை வரவில்லை, அதே முறையில் செய்த புதிய கருவிகள் மீட்புக் கப்பல்களில் இருக்கின்றன என்று ஆக்னஸ் சொன்னாள். அவன் தலையாட்டினான். மேடையில் நிஜாமுதீனின் பெயரைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் அம்மாவும் மட்டும் தட்டவில்லை. தங்களுக்குச் செய்யும் மரியாதைக்குத் தாங்களே கை தட்டலாமா என்று தெரியாமல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். புத்தகத்தில் குல்ஷன் கொடுத்த படம் வந்திருந்தது. கல்யாணமான புதிதில் மெரினாவில் எடுத்தது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமீர் அத்தாவை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குப் போனான். பெரியத்தா அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அவன் அங்கே கால் வைத்ததில்லை. அன்று ஆக்னஸும் குல்ஷனைப் பார்க்க வந்திருந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் திரும்பி வந்தான். செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தான்.

"இடம் தெரியலமா" என்றான்.

வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்றாள் குல்ஷன்.

"மரமே இல்ல. வெட்டிட்டாங்க. பேரு எழுதின பலகையெல்லாம் எப்பவோ மக்கிப்போச்சு. அங்க வேலை பாக்கறவருக்கும் தெரியல. இந்த வரிசைதான்னு காட்டுனாரு. அதுல எத்தனையோ கீது."

"அப்புறம் இன்னா பண்ண?"

"அந்த வரிசை முழுக்க நடந்து ஒவ்வொண்ணுக்கும் நின்னு ஓதிட்டு வந்தேன்."

குல்ஷன் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைத் தோளில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள்.